குடத்து ஓலையும் கணினியின் கார்ட்டும்

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டியவன் ஒரு சிறுவன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டில் அவனுக்குப் பெயரில்லை. குடவோலை முறையில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேரும்போது குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டியவன் உருவறியாத ஒரு பாலன் என்று மட்டும் விதி சொல்கிறது. உள்ளே கிடப்பது எவர் பெயர் என்று அறியாமை ஒன்றே அவனுடைய தகுதி. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்ட்டுகளை உருவாக்கித் தரும் மென்பொருளில் பகடைப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவு வருகிறது. அங்கேயும் எடுக்கிற கைக்கு எடுப்பது என்னவென்று தெரியாது. ஹார்மனியைப் பற்றி எதுவுமே அறியாத ஒன்று, ஹார்மனி கற்க வந்தவனிடம் நான்கு கார்ட்டுகளை எடுத்து நீட்டுகிறது.

சிறுவனின் அறியாமை எழுத்தறியாமையால் வருவது. கணினியின் அறியாமை காதில்லாமையால் வருவது. இரண்டிலும் நேர்மை அந்த அறியாமையில்தான் இருக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கேயே சொல்லிவிடலாம். கணினியின் எழுந்தமானம் உண்மையில் ஒரு கணக்கு. தொடக்கமாக ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் அதே விதைக்கு அதே வரிசைதான் மறுபடியும் முளைக்கும். பாலனுடைய கையை அப்படித் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது.

அறியாத கையை நம்புவதற்காக அதைச் சுற்றி எவ்வளவு அறிவைக் கட்டி வைக்கிறார்கள் என்பதே இந்த ஒப்பாய்வில் என்னை நிறுத்திய இடம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் நீண்ட பகுதி குலுக்கலைப் பற்றியதன்று. குடத்துக்குள் எவர் பெயர் போகலாம், எவர் பெயர் போகக்கூடாது என்பதைப் பற்றியது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, கல்வி, தூய வழியில் ஈட்டிய பொருள், கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இல்லாதிருத்தல் என்று விதிகள் அடுக்கடுக்காக வருகின்றன. மென்பொருளிலும் அப்படித்தான். பகடைக்கு ஒரே ஒரு பொத்தான். ஸ்கேல், கார்ட் வகை, சுரங்களின் எண்ணிக்கை, தாவும் தூரம் என்று வரையறைகளுக்குத்தான் திரை முழுவதும்.

ஆனால் வடிகட்டும் வரிசையில் இரண்டும் நேர் எதிர். உத்திரமேரூரில் தகுதியில்லாத பெயர் ஓலையிலேயே ஏறாது. முதலில் சல்லடை, பிறகுதான் குடம். ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருளில் வழக்கமாகக் கட்டும் சங்கிலியோ தலைகீழானது. ‘ரேண்டம்’ எந்தச் சுரத்தை வேண்டுமானாலும் எடுக்கும். ‘கார்ட்’ அதன்மேல் நான்கு அரைச்சுரத்திலும் ஏழு அரைச்சுரத்திலும் இன்னும் இரண்டு சுரங்களை ஏற்றும். கடைசியில் நிற்கும் ‘ஸ்கேல்’ அளவுக்கு வெளியே விழுந்த சுரத்தைத் திருத்தி உள்ளே கொண்டுவரும். சபை தகுதியற்றவரை விலக்கியது. இந்தச் சங்கிலி தகுதியற்றதைத் திருத்திச் சேர்த்துக்கொள்கிறது.

இந்தத் திருத்தத்துக்குள் ஹார்மனிப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. சி மேஜர் ஸ்கேலில், கறுப்புக் கட்டையில் விழும் சுரம் அரைச்சுரம் கீழே இறங்கும்படி அமைத்துக்கொள்வோம். சி-யை எடுத்தால் சி, இ, ஜி; திருத்த ஒன்றுமில்லை, மேஜர். டி-யை எடுத்தால் டி, எஃப் ஷார்ப், ஏ. நடுச்சுரம் எஃப்-க்கு இறங்குகிறது, டி மைனர் பிறக்கிறது. பி-யை எடுத்தால் மேலிருக்கும் இரண்டுமே இறங்கி பி, டி, எஃப் என்ற டிமினிஷ்ட் வருகிறது. சங்கிலிக்கு மைனர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாக் கார்ட்டையும் மேஜராகவே அது கட்டுகிறது. ஸ்கேலின் திருத்தம் பட்டவை மைனராகின்றன. மூன்று மேஜர், மூன்று மைனர், ஒரு டிமினிஷ்ட் என்று புத்தகத்தில் மனப்பாடமாகப் படித்த பட்டியல், ஒரே அச்சில் வார்த்த ஏழு பொருள்கள் வெவ்வேறு அளவில் தேய்ந்ததாகத் தெரிய ஆரம்பித்தது எனக்கு இதற்குப் பிறகுதான்.

உறவினர் விதியில் எதிர்மை இன்னும் கூர்மையாகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்று, அவருடைய தந்தை, மகன், மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் எல்லாரும் குடத்துக்கு வெளியேதான். கார்ட்டைப் பரிந்துரைக்கும் மென்பொருளோ உறவினரைத் தேடித் தேடிக் கொண்டுவந்து வைக்கிறது. சி மேஜருக்குப் பக்கத்தில் ஏ மைனரும் இ மைனரும் நெருக்கமானவை; காரணம், ஒவ்வொன்றும் சி மேஜரோடு இரண்டு சுரங்களைப் பகிர்ந்துகொள்கிறது. உறவு குறையை மூடி மறைக்கும் என்று சபை அஞ்சியது. ஹார்மனிக்கு வேண்டியதும் அந்த மூடலே: ஒரு கார்ட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தையல் வெளியே தெரியாமல் இருப்பது பொதுச் சுரங்களால்தான். ஊர்ப்பணத்துக்குக் கேடான குணம் இசைக்கு அழகாகிவிடுகிறது.

கணக்கு என்ற சொல்லையும் இசைக்கு மாற்றிப் பார்க்கலாம். பி டிமினிஷ்ட் கார்ட்டில் உள்ள பி-யும் எஃப்-உம் கடன்பட்ட சுரங்கள். பி மேலேறி சி-யில் அமர வேண்டும், எஃப் இறங்கி இ-யில் அமர வேண்டும். அமர்ந்தால் கணக்கு முடிந்தது. அமராமல் பாட்டை நிறுத்தினால் கேட்பவரின் காது நிலுவைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். மென்பொருள் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் கற்பவர்.

குடவோலையில் குடம் இரண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் குடத்தில் 30 குடும்புகளின், அதாவது ஊர்ப் பிரிவுகளின், ஓலைக்கட்டுகள் கிடக்கும். பாலன் ஒரு கட்டை எடுப்பான். அது வெறுங்குடம் ஒன்றில் இடப்பட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து ஓர் ஓலை. குடும்புக்கு ஒருவர் என்ற கணக்கு இப்படித்தான் காக்கப்பட்டது. எல்லா ஓலைகளையும் ஒரே குடத்தில் கொட்டியிருந்தால் ஆள் பலமுள்ள குடும்பின் பெயர்களே மேலோங்கியிருக்கும். மென்பொருளிலும் இரண்டடுக்கில் குலுக்கலாம்: முதலில் எந்தச் சுரத்தின்மேல், பிறகு எந்த வடிவில். ஓரடுக்கில் ஏழு கார்ட்டையும் சமமாகக் குலுக்கினால் ஏழில் ஒரு முறை டிமினிஷ்ட் வரும். நாம் கேட்கும் பாடல்களில் அது அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. ஹுக்தியரி போன்ற தளங்கள் ஏராளமான பாடல்களை ஆராய்ந்து, எந்தக் கார்ட்டுக்குப் பின் எது அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணி வைத்திருக்கின்றன. அந்த எண்ணிக்கையின்படி பரிந்துரைத்தால் ஊர் வழக்கம் வரும், புதுமை குறையும். உத்திரமேரூர்க் குடத்தில் ஒரே குடும்பின் ஓலைகளில் எதற்கும் கூடுதல் எடை இல்லை. அந்த ஒரு விஷயத்தில் பழையதே துணிச்சல் மிக்கது.

கணினிக்கு வெகுமுன்பே ஐரோப்பாவில் இசையமைப்பாளர் கிர்ன்பர்கர் 1757இல் பகடை உருட்டி நடன இசை அமைக்கும் முறையை அச்சிட்டார். மொசார்ட்டின் பெயரில் 1790களில் வந்ததும் அதே வகை. மொசார்ட் பெயரிலான விளையாட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற ஹார்மனி முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும், பகடை மேலோட்டமான சுரங்களை மட்டுமே மாற்றும். குடத்தில் இருப்பவர் எல்லாருமே ஒரே வேலைக்குப் பழகியவர் என்றால் குலுக்கலில் ஆபத்தில்லை; கற்பவருக்குக் கிடைப்பதும் குறைவு. நாம் எடுத்துக்கொண்ட இரண்டும் அதைவிடத் துணிந்தவை.

ஓலை எடுக்கப்பட்ட பின் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்க வேண்டும். அவர் வாசித்ததை அங்கே அமர்ந்திருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதன்பிறகே பெயர் எழுதப்படும். விரித்த கையில் எதையும் ஒளிக்க முடியாது. பல வாய் வாசித்ததை மாற்ற முடியாது.

இதை அளவுகோலாக வைத்து நம் ஊர்ப்பக்கத்து இசைக்கருவிகளைப் பார்ப்போம். திருவிழா மெல்லிசைக் கச்சேரிகள் வழியே கிராமங்களுக்கு வந்த கேசியோ கீபோர்டில் ஒற்றை விரல் கார்ட் வசதி உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் மேஜர். வலப்பக்கம் இன்னொன்றையும் சேர்த்து அழுத்தினால் மைனர். மூன்று சுரங்கள் எவை என்று அது காட்டாது. அது மூடிய கை. ஆண்டுக்கணக்கில் அதில் வாசித்தும் சி மேஜரில் இ இருக்கிறது என்று அறியாமலே இருக்கலாம். கணினித் திரையில் பியானோ ரோல் என்னும் கட்டத்தில் கார்ட் விழும்போது மூன்று பட்டைகளாக விழுகிறது. எது மேலே, எது நடுவில், அடுத்த கார்ட்டுக்கு எது அசைந்தது, எது அசையாமல் நின்றது என்று கண் முன்னே கிடக்கிறது. அது விரித்த உள்ளங்கை. ஆனாலும் நம்பிமாரின் வேலை மீதம் இருக்கிறது: ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே வாயால் பாடிப் பார்ப்பது. பட்டையைப் பார்த்தவர் வாசித்தவராகிவிட மாட்டார்.

ஹார்மனி கற்க ஒரு காலத்தில் சென்னையில் ஆசிரியரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றதை நாம் எல்லாரும் அறிவோம். உத்திரமேரூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மாலை வகுப்புக்குப் போய்த் திரும்புவது இன்றும் எளிதில்லை. ஆகவே மென்பொருளைக் குறுக்குவழி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதை ஆசிரியராக்குவதற்கு என்ன வேண்டும் என்பதே என் கேள்வி. விடை கல்வெட்டில் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒரு சோதனை செய்தேன். ஸ்கேலின் ஏழு கார்ட்டுகளை ஏழு சீட்டில் எழுதி ஒரு பித்தளைச் சொம்பில் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை, இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவள், நான்கு சீட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்: டி மைனர், பி டிமினிஷ்ட், சி மேஜர், இ மைனர். கையை விரித்தே வாங்கினேன். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பொத்தானாக இருந்திருந்தால் இந்த வரிசையைக் கேட்ட கணமே மறுபடி அழுத்தியிருப்பேன். ஏழு கார்ட்டுகளைக் கொண்டு நான்கு இடங்களை நிரப்ப 2,401 வழிகள் உண்டு. பொறுமையிருந்தால் எல்லாவற்றையும் அழுத்திக் கேட்டுவிடலாம், ஒன்றும் கற்காமலே. இங்கேதான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. குடத்தின் முடிவு 360 நாளைக்கு ஊரைக் கட்டும். குற்றம் நிறுவப்பட்டால் மட்டுமே உறுப்பினரை இடையில் நீக்கலாம். பிடிக்கவில்லை என்பதற்காக மறுகுலுக்கல் கிடையாது. பொத்தானின் முடிவு அடுத்த அழுத்தம் வரைக்கும்கூட யாரையும் கட்டாது. 360 நாள் எனக்கு மிகை. ஏழு நாள் இந்த நான்கோடு மட்டும் இருப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் இரண்டு நாள் எரிச்சல். மூன்றாம் நாள் டி மைனருக்கும் பி டிமினிஷ்டுக்கும் நடுவே டி, எஃப் இரண்டும் அசையாமல் நிற்பதும், ஏ மட்டும் பி-க்கு ஏறுவதும் காதில் விழுந்தது. இரண்டு பேர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க ஒருவர் மட்டும் எழுந்து நிற்பது போல. சி மேஜரிலிருந்து இ மைனருக்கும் அதேபோல: இ, ஜி நிற்கின்றன, சி அரைச்சுரம் கீழே பி-க்கு இறங்குகிறது. கடைசிக் கார்ட்டிலிருந்து முதல் கார்ட்டுக்குத் திரும்பும் இடம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. இ மைனரின் மூன்று சுரங்களும் ஒன்றாக ஒரு படி சறுக்கி டி மைனரில் விழுகின்றன. இணையாக நகரும் ஐந்தாம் சுரங்களை மரபான ஹார்மனிப் புத்தகங்கள் தடுக்கின்றன. ஆனால் ஒரே மைனர் கார்ட்டை அச்சாக வைத்து, அதே வடிவத்தை விசைப்பலகையில் மேலும் கீழும் நகர்த்துவதுதான் ஹவுஸ் இசையின் அடையாள ஒலிகளில் ஒன்று. ஐந்தாம் நாள் கீழே ஒரு டிரம் தாளத்தை ஓடவிட்டு அந்தச் சறுக்கலை வேண்டுமென்றே கூர்மையாக்கினேன். தவறாகத் தெரிந்த இடம் பாட்டின் முகமாகிவிட்டது. புத்தகத்தின் தடையும் மின்னிசையின் விருப்பமும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்பதை நான் படித்தல்ல, கட்டுப்பட்டுத்தான் அறிந்தேன்.

சபை செய்த இன்னொன்றையும் செய்து பார்த்தேன். குடம் ஆளைத்தான் தீர்மானித்தது, இருக்கையை அன்று. எடுக்கப்பட்ட 30 பேரில் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர், கல்வியிலும் வயதிலும் மூத்தவர் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்குப் போனார்கள். பிறகு 12 பேர் தோட்டத்துக்கு, மீதி 6 பேர் ஏரிக்கு. மென்பொருள் கார்ட்டையும் அது நிற்க வேண்டிய இடத்தையும் ஒரே வீச்சில் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே அதே நான்கு சீட்டுகளை மூப்புப்படி மாற்றி வைத்தேன்: சி மேஜர், இ மைனர், டி மைனர், பி டிமினிஷ்ட். கடன்பட்டது கடைசியில் நின்று, சுற்று திரும்பும்போது சி மேஜரில் கணக்கைத் தீர்க்கிறது. இது உறுதியான வரிசை. முந்தையது உயிருள்ள வரிசை. ஊர் நிருவாகத்துக்கு நான் உறுதியானதைத்தான் தேர்வேன், பாட்டுக்கு உயிருள்ளதை.

விதிகளைப் பற்றியும் ஒன்று. முதல் கல்வெட்டு 919, இரண்டாவது 921. இரண்டே ஆண்டில் சபை தன் சல்லடையை மாற்றியது. முன்பு 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்றானது. விலக்குப் பட்டியலும் விரிந்தது. குலுக்கலின் பலன் சரியில்லை என்றால் குலுக்கலைக் குறைசொல்லாமல் தகுதியைத் திருத்தினார்கள். மென்பொருளோடு பழகுபவரும் தேர்ச்சி பெறுவது இப்படித்தான்: வந்த கார்ட்டைத் தூக்கி எறிவதை விட்டு, அது ஏன் வந்தது என்று பார்த்து வரையறையைத் திருத்தும் நாளில்.

இரண்டு குடங்களுக்கும் வெளியே நிற்பவர்களைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. உத்திரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரம்மதேயம். வேதக் கல்வியும் நிலமும் கேட்ட அந்தச் சல்லடையில், வயலில் இறங்கி உழைத்தவர்களின் பெயர்களும் பெண்களின் பெயர்களும் ஓலையில் ஏற வழியே இல்லை. மென்பொருளின் குடத்திலும் பன்னிரண்டு சுரத்தானங்கள்தான். தோடியின் காந்தாரத்துக்கு அங்கே ஓலை இல்லை. உடுக்கையின் வார் இறுகும்போது எழும் வளைவுக்கும் இல்லை. சி மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களே என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். கமகம் இல்லாத அந்த ஏழு கட்டைகளும் சங்கராபரணத்தின் மனையடி மட்டுமே, வீடு இல்லை. இரண்டு விலக்குகளும் ஒரே எடை கொண்டவை அல்ல: ஒன்று மனிதரை விலக்கியது, மற்றது ஒலியை. ஆனால் இரண்டும் ஒரே விதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. குடத்தில் இல்லாததை எந்தப் பாலனும் எடுத்துக் காட்டப் போவதில்லை.

ஏபிள்டனில் சல்லடையை நாமே மாற்றலாம் என்பது ஆறுதல். 72 மேளங்களில் எதன் சுரங்களையும் அந்த ஸ்கேல் கட்டத்தில் கையால் அமைத்துக்கொள்ளலாம். மேளத்துக்கு ஏழாக 504 கார்ட்டுகள். சென்ற வாரம் நான் ச-வை சி-யில் வைத்து மாயாமாளவகௌளையை அமைத்தேன். நம் ஊரில் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சரளி வரிசையை அதில்தான் தொடங்குகிறார்கள். ஹார்மனிக்கோ அது கரடுமுரடான நிலம். அரைச்சுரத் தூரத்தில் அடுத்தடுத்து இரண்டு மேஜர் கார்ட்டுகள் நிற்கின்றன, ச-வின்மேல் ஒன்று, ரி-யின்மேல் ஒன்று. ப-வின்மேல் எழுவது ப, நி, ரி: மேஜர் என்று தொடங்கி ஐந்தாம் சுரத்தில் குறைபட்டுப் போவது.

புதிய ஏழு சீட்டுகளைச் சொம்பில் போட்டு அந்தக் குழந்தையை மறுபடி கூப்பிட்டேன். அவள் முதலில் எடுத்தது ப-வின் சீட்டு. ஜி மேஜரில் ஐந்தாம் சுரம் குறைந்தது என்று மென்பொருள் அதற்குப் பெயர் காட்டுகிறது. ஒலித்துப் பார்த்தால் எங்கேயும் நிற்க முடியாத கார்ட். பாடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நி கீழேயிருந்து அரைச்சுரம் ஏறி ச-வில் சேர்கிறது. ரி மேலேயிருந்து அரைச்சுரம் இறங்கி அதே ச-வில் சேர்கிறது. இரண்டு பக்கமிருந்தும் ஒரே வாசலுக்கு வரும் இந்த இரண்டு அடிகளும், சரளி வரிசை பாடும் எந்தக் குழந்தையின் தொண்டையிலும் முதல் நாளிலேயே பழகியவை. மற்ற மூன்று சீட்டுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள். இன்று நான்காம் நாள். இன்னும் மூன்று நாள் இருக்கின்றன.